ஒன்பது குஞ்சுகளும் ஒரு குண்டு பல்பும்

நேற்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. எரிந்துகொண்டிருக்கும் ஒரு பல்பை அணைக்காமல் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான். எதையும் செய்ய வேண்டாம். செய்யாமல் இருந்தால் போதும்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு இதைவிடச் சுலபமான வேலையை யாரும் கொடுத்திருக்க முடியாது. அதைத்தான் நான் கெடுத்தேன்.

நாங்கள் இருப்பது புதுப்பட்டினம். பக்கத்து வீட்டில் பஷீர் பாய். பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி சல்மா ஒரு நாட்டுக்கோழி வளர்த்தாள். அடை வைத்து, குஞ்சு பொரித்து, நடை பழகிய கையோடு தாய்க்கோழியைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சல்மா அழுத அழுகையில் எங்கள் வீட்டிலும் அன்று சமையல் இல்லை. மிச்சம் ஒன்பது குஞ்சு. அதுகளைத்தான் அவள் பச்சைப்பிள்ளை மாதிரி வளர்த்து வருகிறாள்.

நேற்று கூடுவாஞ்சேரியில் அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயம். காலையிலேயே ஒரு பெரிய செருப்பு அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே உமி. உமிமேல் குஞ்சுகள். பெட்டிக்குக் குறுக்கே ஒரு குச்சி. குச்சியிலிருந்து ஒயரில் தொங்கும் நூறு வாட் குண்டு பல்பு.

"அண்ணே, சாயங்காலம் வந்துடுவோம். தீனி, தண்ணி எல்லாம் வச்சுட்டேன். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். பல்ப மட்டும் அணைச்சுடாதீங்க."

"கவலைப்படாம போயிட்டு வாம்மா."

"ஒம்போது இருக்குண்ணே. வரும்போதும் ஒம்போது இருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

பஷீர் பாய் அவளைச் சமாதானப்படுத்தினார். "அட, சார்கிட்ட வுட்டுட்டு நீ ஏன் பயப்படுற? சாரு வேலையே சூடு அளக்குறதுதான்!"

உண்மைதான். நான் வேலை பார்ப்பது ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். எந்தக் குழாயில் எவ்வளவு சூடு, எந்தத் தொட்டியில் எவ்வளவு சூடு, அதை எப்படித் துல்லியமாக அளப்பது என்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கே மறந்துபோனதுதான் பிரச்சினை.

அவர்கள் போனார்கள். வெளியே மழை. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் யோசிப்பேன். அதுதான் என் குறை. என் மனைவி விமலா சொல்வாள், "இவரு தூங்கும்போதுகூட எதையாவது யோசிச்சு வருத்தப்பட்டுட்டிருப்பாரு" என்று.

பல்பைப் பார்த்தேன். பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. அதற்கு நடுவில் நூறு வாட்! மஞ்சளாக, வெட்கமே இல்லாமல் எரிகிறது!

ஆபீசில் மின்சிக்கனம் பற்றிப் பேசச் சொன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குண்டு பல்பை ஒழிப்போம் என்று மேடையேறிச் சொன்னவன் நான். இப்போது என் வீட்டு ஹாலிலேயே ஒன்று எரிகிறது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள்? மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்றா?

அலமாரியில் புது எல்.இ.டி. பல்பு ஒன்று இருந்தது. பன்னிரண்டு வாட். 'நூறு வாட் பல்புக்கு இணையான வெளிச்சம்' என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

இணையான வெளிச்சம். வேறென்ன வேண்டும்?

அதுவும் நான் அணைக்கப் போவதில்லையே. மாற்றத்தானே போகிறேன்?

சுவிட்சைத் தட்டி பல்பை அணைத்தேன். தொட்டேன். சுட்டது. சமையலறையில் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து வந்து பல்பைப் பிடித்தேன்.

ஈரத்துணி.

'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் முடி போல ஒரு விரிசல்.

சூடான கண்ணாடிமேல் திடீரென்று ஈரம் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும், உடனே விரிசல் விடும். இதைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறேன். கரும்பலகையில் படமெல்லாம் போடுவேன்.

சரி போகட்டும், இனி இது தேவையில்லையே என்று பழைய பல்பை ஓரமாக வைத்துவிட்டு, எல்.இ.டி.யை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். பெட்டி முழுக்கப் பால் போல வெளிச்சம்! குஞ்சுகள் ஒவ்வொன்றின் கால்நகமும் தனித்தனியாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் 'கிய்யா கிய்யா' என்று கூட்டமாகச் சத்தம் போட ஆரம்பித்தன.

"விமலா! இங்க வந்து பாரேன். எவ்வளவு சந்தோஷமா கத்துதுங்க! வெளிச்சம் பிடிச்சிருக்கு போல."

விமலா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே பந்தாகி நின்றன. இறகெல்லாம் சிலிர்த்திருந்தது.

"சந்தோஷமா? அதுங்க உங்களைத் திட்டுதுங்க. குளிருது அதுங்களுக்கு. பல்ப மாத்துனீங்களா?"

"அதே அளவு வெளிச்சம்தான். அட்டையைப் பாரு."

"குஞ்சு என்ன புத்தகமா படிக்கப் போகுது?"



எல்.இ.டி.யைத் தொட்டுப் பார்த்தேன். கீழ்முகம் ஜில்லென்று இருந்தது. மேலே கழுத்துப் பக்கம் மட்டும் லேசான வெதுவெதுப்பு. ஒன்பது குஞ்சும் இருந்தது கீழே.

அவசரமாகக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தேன். 'லோ' என்று காட்டியது. என் மூளையைப் பற்றி இதுவரை எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

"பழைய பல்பையே திரும்ப மாட்டுங்க!"

"அதுல ஒரு சின்ன விரிசல்..."

"எரியுமா எரியாதா?"

எரிந்தது. ஒரே ஒரு கணம். வாழ்நாளில் எரியாத அளவுக்குப் பளிச்சென்று எரிந்து, உள்ளே வெள்ளைப்புகை சுழன்று, அடங்கிவிட்டது. விரிசல் வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. அந்தக் கம்பி அவ்வளவு சூட்டிலும் எரிந்துபோகாமல் இருப்பதே உள்ளே காற்று இல்லாததால்தான். கண்ணாடி எதற்கு என்று நினைத்தீர்கள்? அழகுக்கா?

விமலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்தது வெந்நீர்ப் பை. இடுப்பு வலிக்கு அவள் வைத்துக்கொள்ளும் ரப்பர் பை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன். குஞ்சுகள் ஓடிவந்து அதன்மேல் சாய்ந்தன. ஆகா! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெருமிதமாக ஒரு மூச்சுகூட விட்டேன்.

மூடியைச் சரியாகத் திருகவில்லை. தண்ணீர் கசிந்து உமி நனைந்தது. நல்லவேளை, துணியில் சுற்றியிருந்ததால் எதற்கும் சுடவில்லை. ஆனால் இப்போது குளிரோடு ஈரமும் சேர்ந்துகொண்டது.

"தயவுசெஞ்சு நீங்க எதையும் தொடாதீங்க!" என்று விமலா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தன் துண்டில் போட்டுக்கொண்டாள். அதில் கழுத்தில் வெள்ளைக்கோடு போட்ட ஒன்று கண்ணை மூடி மூடித் திறந்தது. கத்தவில்லை. கத்துகிற எட்டைவிடக் கத்தாத அந்த ஒன்றுதான் என்னைப் பயமுறுத்தியது.

இதில் ஒன்று போனால் சல்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? தாயை நாய் தூக்கியது. பிள்ளையை யார் கொன்றது? பக்கத்து வீட்டு இன்ஜினியர்!

"கடைக்குப் போய் ஒரு குண்டு பல்பு வாங்கிட்டு வந்துடுறேன்."

"இதுங்கள விட்டுட்டா? நானும் வர்றேன். காரை எடுங்க. உங்க கார்ல ஹீட்டர் இருக்குல்ல?"

ஹீட்டர்!

எங்கள் ஊரில் கார் வாங்கிய எவனும் ஏ.சி. பொத்தானில் சிவப்புப் பக்கத்தைத் தொட்டிருக்க மாட்டான். நானும் தொட்டதில்லை. இன்ஜினில் உண்டாகி வீணாகப் போகிற சூடுதான் அது. அதைத் திருப்பி உள்ளே விட வேண்டியதுதான். தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

காய்ந்த துணி விரித்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விமலா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பொத்தானைச் சிவப்புக் கடைசி வரைக்கும் திருகினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றினோம். இன்ஜின் சூடானதும் காற்று வந்தது பாருங்கள்! வைகாசி வெயில் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி!

குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கத்தலை நிறுத்தின. பந்து பிரிந்தது. ஒன்று காலை நீட்டிப் படுத்தது. வெள்ளைக்கோடும் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கியது.

எங்கள் இருவருக்கும் வியர்வை தாரை தாரையாக ஊற்றியது.

"ஊட்டிக்குப் போனப்ப நான் நடுங்கிட்டு வந்தேன். ஹீட்டர் போடுங்கன்னு கேட்டேன். மைலேஜ் குறையும்னு சொன்னீங்க," என்றாள் விமலா, முந்தானையால் விசிறிக்கொண்டே.

சாலையில் கவனம் இருப்பது போல நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

புதுப்பட்டினம் பஜாரில் எலக்ட்ரிக் கடை. காரை ஓடவிட்டே இறங்கினேன். இன்ஜினை அணைத்தால் ஹீட்டர் போய்விடும்.

"குண்டு பல்பு நூறு வாட் இருக்குங்களா?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மழை பெய்யும் நாளில் சட்டை முழுக்க வியர்வையில் ஒட்டிப்போய் நிற்கும் ஆள் நான்.

"இன்னா சார் நீ, அதெல்லாம் யாரு வாங்குறா இப்போ? எல்.இ.டி. தரேன், எடுத்துகினு போ. சூடே ஆவாது!"

"எனக்கு சூடாகணும்ங்க."

"இன்னாது?"

"நல்லா சூடாகணும். எவ்வளவு சூடாகுதோ அவ்வளவு நல்லது."

"கரண்ட் பில்லு எகிறும் சார்!"

"எகிறட்டும்."

"சீக்கிரம் பீசாயிடும்."

"பரவால்ல."

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "சார், உன்ன எனக்குத் தெரியும். பசங்க ஸ்கூல்ல வந்து குண்டு பல்பு நாட்டுக்குக் கேடுன்னு பேசினது நீதான? என் பையன் அத்த கேட்டுட்டு வந்து எங்க வூட்டு பல்பெல்லாம் கழட்டிட்டான்!"

"அது... வெளிச்சத்துக்குச் சொன்னது. இது குஞ்சுக்கு."

"எந்தக் குஞ்சுக்கு?"

காரைக் காட்டினேன். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் விமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

விஷயத்தை முழுசாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"அடடா, எங்கிட்ட ஸ்டாக் இல்லியே சார். நீயே சொல்லு, நீ அப்டிப் பேசினப்புறம் எவன் வாங்குவான்? இங்க ஒருத்தனும் வைக்க மாட்டான். மாமல்லபுரத்துல பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பேக்கரி கீது. பப்ஸ் பொட்டில போடுறதுக்கு அவரு மட்டும் குண்டு பல்பு கேட்டுகினு வருவாரு. அங்க போய் கேளு."

கிளம்பினோம். ஈ.சி.ஆரில் மழை. வெளியே குளிர். உள்ளே பாலைவனம். குஞ்சுகள் நிம்மதியாகத் தூங்கின.

"ஏங்க, ஒரே வெளிச்சம்னா ஒரே சூடு இல்லையா? எனக்கு அது புரியல," என்று விமலா கேட்டாள்.

இதை அவள் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பழைய பல்புல இருக்கறது ஒரு மெல்லிசான கம்பி. அதுல கரண்ட் போறது நம்ம பஜார்ல பெருநாளைக்கு முந்தின சாயங்காலம் நடந்து போற மாதிரி. இடிச்சுக்கிட்டு, மோதிக்கிட்டுத்தான் போக முடியும். அந்த மோதல்ல கம்பி சூடாகுது. சூடாகி, சூடாகி, சிவந்து, கடைசில மஞ்சளா வெளிச்சம் விடுது. நாம போடறது நூறு பங்குன்னா, வெளிச்சமா வர்றது கொஞ்சூண்டு. மிச்சமெல்லாம் சூடு."

"அப்ப அது பல்பே இல்ல. அடுப்பு."

"ஆமா, வெளிச்சமும் விடுற அடுப்பு!"

"எல்.இ.டி.?"

"அதுல கம்பியே இல்ல. ஒரு சின்னச் சில்லு. கரண்ட் அதுக்குள்ள ஒரு படி இறங்கும்போது மிச்சமாகிற சக்தி நேரா வெளிச்சமா வெளிய வந்துடும். சூடாக்கித்தான் வெளிச்சம் எடுக்கணும்னு இல்ல. வர்ற கொஞ்சம் சூடும் பின்பக்கமா போயிடும்."

 வைப்பர் அப்படியும் இப்படியும் போனது.

"இவ்வளவும் உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் மாத்துனீங்களா?"

 தெரிந்ததெல்லாம் எனக்குள் ஒரு அலமாரியில் இருக்கிறது. காரியம் செய்யும்போது சாவி கிடைப்பதில்லை. காரியம் கெட்டபிறகு கதவு தானாகத் திறந்துகொள்கிறது. என் வாழ்க்கையே இப்படித்தானோ என்று யோசிக்க ஆரம்பித்தபோது, ரோட்டில் போலீஸ் கை காட்டியது.

வாகனச் சோதனை. கண்ணாடியை இறக்கினேன். உள்ளிருந்து அடித்த சூட்டில் கான்ஸ்டபிள் ஒரு அடி பின்வாங்கினார்.

"இன்னா சார் இது? வண்டி எரியுதா?"

"இல்லீங்க, ஹீட்டர்."

"ஹீட்டரா? இந்த ஊர்லயா? ஏன் இப்டி வேர்த்துகினு கீற? இன்னா பயம்? பொட்டில இன்னா கீது?"

"குஞ்சுங்க."

"தெறந்து காட்டும்மா."

விமலா துணியை விலக்கினாள். அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். ஜில்லென்று காற்று பட்டதும் ஒன்பதும் ஒரே குரலில் 'கிய்யா!' என்று அவரைப் பார்த்துக் கத்தின.

அந்த மனிதரின் முகம் மாறிய வேகத்தைச் சொல்ல முடியாது. மீசைக்குக் கீழே பல்லெல்லாம் தெரிந்தது.

"அய்ய... எம்மாஞ்சின்னதா கீதுங்க! தாய்க்கோழி எங்கம்மா?"

"நாய் தூக்கிடுச்சுங்க."

"அட பாவமே! சார், மொதல்ல கண்ணாடிய ஏத்து சார்! கொழந்தைங்கள வச்சுகினு இப்டியா தொறந்து போடுவ? அறிவு வேணாம்?"

லைசென்ஸ்கூடக் கேட்கவில்லை. முன்னால் நின்ற லாரியை விசிலடித்து ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார்.

மாமல்லபுரம் பேக்கரியில் அந்தக் கண்ணாடிப்பெட்டி முதலிலேயே கண்ணில் பட்டது. உள்ளே அடுக்கடுக்காகப் பப்ஸ். மேலே ஒரு குண்டு பல்பு, மஞ்சளாக, சூடாக, கம்பீரமாக! அதைப் பார்த்து நான் உருகிப்போனேன். காலையில் இதே பல்பைப் பார்த்துத்தான் முகம் சுளித்தேன்.

"அண்ணே, அந்த பல்பு மாதிரி ஒண்ணு ஸ்பேர் இருக்குங்களா?"

பேக்கரிக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஸ்பேர் நேத்துதான் போட்டேன். அதான் இது."

"இதையே குடுத்துடுங்களேன். அவசரம்."

"வெளையாடுறியா அண்ணாத்த? பல்ப கழட்டினா பப்ஸ் ஆறிடும். ஆறின பப்ஸ எவன் துன்னுவான்?"

குஞ்சுக் கதையைச் சொன்னேன். தாய்க்கோழி, நாய், சல்மா, எல்லாம். அவர் கேட்டார். மனம் இளகியது தெரிந்தது. ஆனால் கை இளகவில்லை.

"நீ சொல்றது நாயம்தான். ஆனா பொட்டில பப்ஸ் கீற வரைக்கும் பல்பு அசையாது."

"பப்ஸ் இல்லேன்னா?"

"பப்ஸே இல்லேன்னா பல்பு எனக்கு எதுக்கு? எடுத்துகினு போ."

பெட்டியைப் பார்த்தேன். பெட்டி நிறைய இருந்தது.

"மொத்தத்தையும் கட்டிக் குடுங்க."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "டே, அட்டைப்பெட்டி எடுத்தா! பெருசா எடுத்தா!" என்று கத்தினார்.

கட்டும்போது கேட்டேன். "எல்லாம் வெஜ்தானே?"

"வெஜ் கீது, முட்டை கீது. பாதிக்கு மேல சிக்கன்."

எனக்குத் திக்கென்றது. ஆனால் பேரத்தில் பின்வாங்க முடியுமா? அவர் உலர்ந்த துண்டால், உலர்ந்த துண்டு என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பல்பைப் பிடித்துக் கழற்றி, காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்தார். கோயில் பிரசாதம் போல வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் விமலா மூக்கை உறிஞ்சினாள். "என்ன வாசனை?"

"பப்ஸ்."

"பல்பு வாங்கப் போனீங்க."

"பல்புதான் வாங்கினேன். இதெல்லாம் கூட வந்தது."

"இவ்வளவா! என்ன பப்ஸ்?"

குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் பெட்டிக்குள் இருந்த குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு துணியை இழுத்து அவற்றை மூடினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் வேகத்தடை. குண்டு பல்புக் கம்பி ஒரு குலுக்கலில் அறுந்துவிடும். நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போவது போல உருட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்து, முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். கண்ணாடி மூடியிருந்ததால் காதில் விழவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

புதுப்பட்டினம் வந்தது. எங்கள் தெரு வந்தது. வீடு வந்தது.

பல்பு உடையவில்லை. கம்பி அறுந்துபோகவில்லை. ஒன்பது குஞ்சும் உயிரோடு இருக்கின்றன. ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன். ஐயா, ஜெயித்துவிட்டேன்!

ஓடிப்போய் பல்பை ஒயரில் மாட்டி, ஹாலில் சுவிட்சைப் போட்டேன்.

எதுவும் நடக்கவில்லை.

ஃபேன் போட்டேன். சுற்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார், "சார், மதியமே கரண்ட் போச்சு. மழையில எங்கயோ ஒயர் அறுந்துடுச்சாம். ஊரு முழுக்க இல்ல."

பல்பு இருக்கிறது. நூறு வாட். அருமையான அடுப்பு. அதை எரிக்கத்தான் ஒன்றுமில்லை!

மறுபடி காருக்கே ஓடிவந்தேன். வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, நானும் விமலாவும் உட்கார்ந்தோம். பசி. காலையிலிருந்து சாப்பிடவில்லை. பப்ஸ் பெட்டியைப் பிரித்து, குஞ்சுகள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றோம். விமலா சிரிக்க ஆரம்பித்தாள். என்னவென்று கேட்டேன். சொல்ல முடியாமல் இன்னும் சிரித்தாள். எனக்கும் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர, வாயில் பப்ஸோடு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இப்படிச் சிரித்ததே இல்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு ஆட்டோ வந்தது. அது நிற்பதற்குள் சல்மா குதித்து இறங்கினாள்.

"அண்ணே! கரண்ட் இல்லையாமே! வர்ற வழியெல்லாம் உசுரே இல்ல எனக்கு. என் குஞ்சுங்க?"

விமலா கதவைத் திறந்தாள். சல்மா விரல் நீட்டி எண்ணினாள். உதடு அசைந்தது. ஒன்பது வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! கரண்ட் போனதும் கார்ல ஹீட்டர் போட்டு வச்சிருக்கீங்களா! இது யாருக்கு அண்ணே தோணும்?"

பஷீர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் சொன்னேன்ல! சார்கிட்ட வுட்டுட்டுப் போனா பயமே வேணாம்னு!" தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். எனக்கு உள்ளே அரித்தது. செய்யாத நல்லதுக்குப் பாராட்டு வாங்குவதா? ராத்திரி தூக்கம் வருமா?

"பாய், ஒரு விஷயம். கரண்ட் போனது மதியம். பல்ப நான் காலையிலேயே ஒடச்சிட்டேன். நல்லா எரிஞ்சிட்டிருந்ததைக் கழட்டி, எல்.இ.டி. மாட்டினேன். குஞ்சுங்க நடுங்கிப் போச்சு. ஹீட்டர் போடச் சொன்னதுகூட நான் இல்ல, விமலாதான்."

 பிறகு பஷீர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், சும்மா காமெடி பண்ணாதீங்க! சூடு அளக்குறவருக்கு எந்த பல்பு சூடு தரும்னு தெரியாதா?"

"சத்தியமா பாய்!"

"எவ்ளோ அடக்கம் பாரு அண்ணனுக்கு," என்றாள் சல்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பேரையும் அக்காவுக்கே குடுக்குறாரு."

நான் உதவிக்கு விமலாவைப் பார்த்தேன். அவள் முன்வந்தாள். "இல்ல சல்மா, நெஜமாதான். இவரு ஈரத்துணியால புடிச்சு ஒடச்சாரு. நான் வீட்டுலதான் இருந்தேன்."

சல்மா முகம் சுருங்கியது. "என்னக்கா நீங்க? இவ்ளோ செஞ்ச மனுஷனை வூட்டுக்காரம்மாவே இப்டிக் கிண்டல் பண்ணலாமா?"

பப்ஸ் பெட்டியை நீட்டினேன். எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு படித்தவன் இப்படி ஒரு காரியம் செய்திருப்பான் என்பதை அந்தத் தெருவில் ஒருவர்கூட நம்பவில்லை. நான் படித்த படிப்பு எனக்கு உதவியது இதுவே முதல் தடவை.